வீட்டின் உட்சுவரை இடிக்குமுன்

நமது அங்கத்தினர்களில் பெரும்பாலோருக்கு வீடு வேறு, தொழில் செய்யும் இடம் வேறு அன்று. நெசவாளருக்குத் தறி நிற்பதும், விவசாயிக்கு விதையும் விளைச்சலும் இருப்பதும் வீட்டுக்குள்ளேதான். குடும்பம் பெருகினாலும், இரண்டாவது தறி போட நேர்ந்தாலும், மூட்டைகளுக்கு இடம் போதாமற் போனாலும், முதலில் நம் கண் செல்வது நடுச்சுவரின் மீதே. அதை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கிவிட்டால் போதும், புதிய அறை கட்டும் செலவு மிச்சம் என்று எண்ணுவது இயல்பு.

கட்டுவதற்குத்தான் கைத்திறன் வேண்டும், இடிப்பதற்குக் கடப்பாரை போதும் என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. கட்டும்போது சுவர் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் மேல் அமர்ந்து, தானே உறுதி பெற்றுக்கொண்டு வருகிறது. இடிக்கும்போதோ உறுதி ஒவ்வொரு நிமிஷமும் குறைந்துகொண்டே போகிறது. எந்த நிமிஷத்தில் அது போதாமற் போகும் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே வீட்டின் உட்பகுதியை இடிக்க நினைப்போர், தாமே செய்வதானாலும் ஆளை அமர்த்திச் செய்வதானாலும், அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூற முற்படுகிறோம்.

சுவர் எதைச் சுமக்கிறது?

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்திற்குப் பக்கம் இரண்டு அறைகள். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 10 அடி அகலம். இரண்டுக்கும் நடுவே 9 அங்குலச் செங்கல் சுவர், உயரம் 10 அடி. மேலே பழைய மெட்ராஸ் டெரஸ் தளம். அதாவது, தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் சிறிய தளச் செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து இறுக்கிய தளம். கட்டைகளின் ஒரு முனை வெளிச்சுவரிலும் மறு முனை நடுச்சுவரிலும் அமர்ந்திருக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் அறையின் தளத்திலும் பாதிப் பாரம் நடுச்சுவருக்கு வருகிறது. இரண்டு பாதிகளும் சேர்ந்தால் 100 சதுர அடி. தளத்தின் கனம் 7 அங்குலம் என்று கொண்டால் ஏறக்குறைய 58 கன அடி. செங்கல் சுண்ணாம்பு வேலை கன அடிக்குச் சுமார் 50 கிலோ எடையுள்ளது. ஆகவே அந்தச் சுவரின் தலைமேல் நிற்கும் பாரம் ஏறத்தாழ 2,900 கிலோ. மூன்று டன் என்றே சொல்லலாம். மேலே ஆட்களும் உலர்த்தும் தானியமும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் அவை தனி. இந்தச் சுவரைக் கடப்பாரையால் தட்டி எடுப்பவன் தன் தலைக்குமேல் மூன்று டன்னைத் தொங்கவிடுகிறான் என்பதே பொருள்.

காங்கிரீட் தளமுள்ள வீடுகளில் அபாயம் வேறு விதமானது. 10 அடி இடைவெளிக்கென்று கம்பி வைத்துப் போட்ட தளத்தின் நடுச்சுவரை எடுத்துவிட்டால், அது 20 அடி இடைவெளியைத் தாங்க வேண்டியதாகிறது. இடைவெளி இரு மடங்கானால் தளத்தை வளைக்கும் விசை இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அதற்கு வேண்டிய கம்பி உள்ளே இல்லை. அத்தகைய தளம் உடனே விழாமல் சில காலம் நிற்கவும் கூடும். அப்படி நிற்பதைக் கண்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று தைரியம் கொள்வதுதான் பெரிய தவறு.

பாரம் தாங்கும் சுவரை அறிவது எப்படி?

முதலாவதாக, மேலே பார்க்க வேண்டும். கட்டைகளோ, உத்திரமோ, ஓட்டுக்கூரையின் விட்டமோ அந்தச் சுவரின்மேல் அமர்ந்திருந்தால் அது பாரம் தாங்கும் சுவர், சந்தேகத்திற்கு இடமில்லை. கட்டைகள் சுவருக்கு இணையாக ஓடி, அதைத் தொடாமலிருந்தால் அது வெறும் தடுப்புச் சுவராக இருக்கலாம்.

இரண்டாவதாக, கனத்தை அளக்க வேண்டும். 9 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள சுவரைப் பாரம் தாங்கும் சுவரென்றே கொள்ள வேண்டும். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவரே. எனினும் சிக்கனம் கருதிக் கட்டிய வீடுகளில் நாலரை அங்குலச் சுவரின் மேலேயே தளத்தைப் போட்டிருப்பதும் உண்டு. ஆகையால் கனத்தை மட்டும் நம்பித் தீர்மானிக்கலாகாது.

மூன்றாவதாக, மாடி இருந்தால், மாடியில் அதே நேர்க்கோட்டில் சுவர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்குமாயின் கீழ்ச்சுவரைத் தொடக்கூடாது.

நான்காவதாக, மண்சுவர் வீடுகளிலும், மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் வீடுகளிலும் எல்லாச் சுவர்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. குறுக்குச் சுவர் ஒன்றை நீக்கினால், அது எந்தப் பாரத்தையும் சுமக்காவிட்டாலும், அதனால் பிடித்து நிறுத்தப்பட்டிருந்த நெடுஞ்சுவர் வெளியே சாயக்கூடும். மழைக்காலத்தில் இவ்வேலையைக் கையிலெடுப்பது அறவே கூடாது.

குழித்தறி உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சுவரை ஒட்டியே தறிக்குழி தோண்டியிருந்தால் அச்சுவரின் அஸ்திவாரம் ஒரு பக்கம் மண்பிடிப்பை இழந்திருக்கும். அந்தச் சுவர் மேற்கொண்டு ஒரு பாரத்தையும் ஏற்கும் நிலையில் இல்லை. நடுச்சுவரை எடுத்துவிட்டுப் பாரத்தை அதன்மேல் மாற்ற நினைப்பது ஆபத்தாகும். புதிய குழி தோண்டுவோரும் சுவரிலிருந்து தள்ளியே தோண்ட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஐயம் எஞ்சினால், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதே முறை. தனியொருவர்க்கு அந்தச் செலவு பாரமாகத் தோன்றலாம். ஒரே தெருவில் நான்கைந்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரு நாளைக்கு அவரை வரவழைத்துத் தத்தம் வீடுகளைக் காட்டிக்கொண்டால் செலவும் பங்காகும். ஒருவர் வீட்டைப் பற்றிச் சொன்னது மற்றவர்க்கும் பாடமாகும்.

முழுச் சுவரையும் எடுக்க வேண்டுமா?

இடிக்குமுன் தேவையை அளப்பது நலம். தறியின் நீளம் அகலம், பாவு ஓடும் தூரம், ஜக்கார்டு பெட்டி இருந்தால் அதன் உயரம் ஆகியவற்றைத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டுப் பார்த்தால், பல சமயங்களில் முழுச் சுவரையும் எடுக்க வேண்டியிராது என்பது புலப்படும். நமது உதாரண வீட்டில் 10 அடிச் சுவரில் நடுவே 6 அடி மட்டும் திறந்து, இரு பக்கமும் இரண்டிரண்டு அடி விட்டுவைத்தால், மேலே வைக்கும் உத்திரம் சிறியதாகிறது. அது அமர இடமும் கிடைக்கிறது. செலவும் அபாயமும் ஒருங்கே குறைகின்றன.

நாமே செய்யத்தக்கவையும் தகாதவையும்

மரத்தடுப்பு, பழைய பரண், அலமாரி, கதவு நிலை, உதிர்ந்துபோன பூச்சு, தரை ஓடு, பாரம் தாங்காத நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் ஆகியவற்றை வீட்டார் தாமே நிதானமாக அகற்றலாம்.

பாரம் தாங்கும் சுவர், தூண், உத்திரம், தளம், படிக்கட்டு, அண்டை வீட்டோடு பொதுவாயுள்ள சுவர் ஆகியவற்றில் கைவைக்கலாகாது. இவை அனுபவமுள்ளவர் கைக்கே உரியவை. பொதுச்சுவரானால் அண்டை வீட்டாரின் சம்மதத்தையும், பாகப்பிரிவினை ஆகாத வீடானால் மற்றப் பங்காளிகளின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது பிற்கால வழக்குகளைத் தவிர்க்கும். ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

கல்நார் தகட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்று வழங்கும் இத்தகடு நம் வீடுகளின் சாய்ப்புகளிலும் தறிக்கொட்டகைகளிலும் மிகுதி. அது உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்குகின்றன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆதலால் இன்று இருமல் இல்லை என்று மகிழ்வதற்கில்லை. அத்தகட்டைச் சம்மட்டியால் உடைக்கவோ, ரம்பத்தால் அறுக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கித் திருகுகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். குழந்தைகளை அன்று வீட்டில் வைத்திருக்கலாகாது.

பழைய வர்ணமும் அவ்விதமே. இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற விதி 2016இல் பிறந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வர்ணங்களில் ஈயம் மிகுந்திருக்கலாம். ஆகவே பழைய கதவு ஜன்னல்களை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் நனைத்தே சுரண்ட வேண்டும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

முன்னேற்பாடுகள்

வேலைக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு தறியையும் பார்க்க வேண்டும். பாவு நடுவில் இருக்கையில் இடிப்பு வேலை தொடங்கினால், அச்சிலும் விழுதிலும் சுண்ணாம்புத் தூசி படிந்து இழை அறும்; பட்டானால் நிறமும் மங்கும். பாவு முடிந்து அறுத்து இறக்கிய பின், அடுத்த பாவு பிணைக்குமுன் கிடைக்கும் இடைவெளியே ஏற்ற காலம். விவசாயிகள் அறுவடைக்கு முன், அறை காலியாயிருக்கும் நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். எடுத்துச் செல்ல இயலாத பொருள்களைத் தார்ப்பாயால் மூடி ஓரங்களைக் கட்டிவிட வேண்டும். தறி நிற்கும் நாட்களின் கூலி இழப்பையும் இடிப்புச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, மின்சாரம். சுவருக்குள் குழாய் பதித்துக் கம்பி சென்றிருக்கலாம். ஸ்விட்சை அணைப்பது போதாது. மெயினை நிறுத்தி, பியூஸைக் கழற்றி வீட்டுத்தலைவர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டரோ, மின்வாரியத்தின் கம்பியோ அந்தச் சுவரில் இருந்தால், வாரியத்தின் ஆட்களே அதை மாற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயின் வால்வை அடைத்து, எரிவாயு சிலிண்டரை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கடினமான தொப்பி, கெட்டியான செருப்பு அல்லது பூட்ஸ், கண்ணாடி, கையுறை ஆகியவை வேண்டும். மூக்கில் துண்டு கட்டுவது பெருந்தூசியைத் தடுக்குமே ஒழிய, நுரையீரலைக் கெடுக்கும் நுண்தூசியைத் தடுக்காது. அதற்கென்று விற்கும் என்-95 முகக்கவசத்தையே அணிய வேண்டும்.

இடிக்கும் முறை

மேலிருந்து கீழாக, கட்டிய வரிசைக்கு எதிர்வரிசையாக இடிப்பதே எக்காலத்திற்கும் உரிய விதி. கட்டடங்களை இடிப்பதற்கான பாதுகாப்பு முறைகளைக் கூறும் இந்தியத் தர நிர்ணயம் 4130, 1991இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன் சாரமும் இதுவே. சுவரின் அடியைக் குடைந்து மொத்தமாகச் சாய்ப்பது வேலையைச் சுருக்குவதுபோல் தோன்றும். ஆளைக் கொல்லும் முறை அது. முதலில் பூச்சைக் கொத்தி எடுத்து, தண்ணீர் தெளித்து, மேல் வரியிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக உளியால் கழற்ற வேண்டும். விழும் கல்லையும் மண்ணையும் அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். மாடி அறையானால் இடிபாட்டைத் தளத்தில் குவிக்கவே கூடாது. அந்தக் குவியலின் பாரமே தளத்தை உடைக்கும்.

பாரம் தாங்கும் சுவரில் வழி திறப்பதானால், சுவரின் மேற்பகுதியில் துளைகள் இட்டு, அவற்றின் ஊடே குறுக்காகப் பலமான கட்டைகளைச் செலுத்தி, சுவரின் இருபுறமும் முட்டுக்கால்கள் நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் தளமானால், தளக் கட்டைகளின் அடியிலும் இருபுறமும் தனி முட்டு வேண்டும். முட்டுக்கால்கள் வெறும் மண்தரையில் நிற்காமல் பலகையின்மேல் நிற்க வேண்டும். அதன் பின்னரே அடியிலுள்ள சுவரை எடுத்து, உத்திரத்தை வைத்து, அதற்கும் மேற்சுவருக்கும் உள்ள சந்தைக் கலவையால் இறுக அடைக்க வேண்டும். உத்திரத்தின் அளவைப் பொறியாளரே தீர்மானிக்க வேண்டும். அங்கேயே வார்க்கும் காங்கிரீட் உத்திரமானால், 6 மீட்டர் வரை இடைவெளியுள்ளதற்குச் சாதாரண சிமெண்டில் 14 நாட்களாவது முட்டு நிற்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம் 456இன் விதி. முட்டு வாடகையை மிச்சம் பிடிக்க நாலாம் நாளே பிரித்தெடுக்கும் மேஸ்திரியைத் தடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

வேலை நடக்கையில் மேலே புதிய விரிசல் கண்டாலும், பூச்சு உதிர்ந்தாலும், மரம் முனகும் ஓசை கேட்டாலும், கதவு திடீரென்று இறுகினாலும், அந்தக் கணமே எல்லோரும் வெளியேற வேண்டும். கருவிகளை எடுக்கத் திரும்புவதும் கூடாது.

ஆளை அமர்த்துதல்

நிற்க. ஆளை அமர்த்துவதில் இரண்டு வழிகள் உண்டு. தினக்கூலிக்கு அமர்த்தினால் வேலை நிதானமாக நடக்கும். பழைய பொருள் சேதமின்றிக் கைக்கு வரும். ஆனால் நாட்கள் நீளும், மேற்பார்வை நம்முடையதாகும். மொத்த ஒப்பந்தத்திற்கு விட்டால் செலவு முன்னரே தெரியும். ஆனால் சீக்கிரம் முடிப்பதில் ஒப்பந்தக்காரருக்கு லாபம் இருப்பதால் அவசரம் புகும். பழைய தேக்குக் கட்டைகள், நிலை, கதவு, சுண்ணாம்பில் பதித்த நல்ல செங்கல் ஆகியவை உள்ள இடத்தில் தினக்கூலியே ஏற்றது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். சிமெண்டில் கட்டியது பெரும்பாலும் உடைந்தே வரும்.

ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்குமுன், அவர் முன்பு செய்த இடிப்பு வேலைகளில் இரண்டையாவது நேரில் சென்று பார்த்து, அவ்வீட்டாரையும் விசாரிக்க வேண்டும். மூவரிடம் மதிப்பீடு கேட்பது நல்லது. மூவரிடமும் ஒரே வேலையை ஒரே விதமாக எழுதிக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். 'முட்டு எங்கே கொடுப்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சுவரைப் பார்க்காமலே 'அதெல்லாம் வேண்டாம்' என்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அவர் நமக்கு வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சு எவ்வளவு நாணயமானதாயினும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவதே நட்பைக் காக்கும். அதில் அடங்க வேண்டியவை:

1. எந்தச் சுவர், எவ்வளவு நீளம், உயரம், கனம். சிறு படம் ஒன்று வரைந்து சேர்ப்பது நலம்.
2. முட்டு, சாரம், கருவிகள், முகக்கவசம் யார் பொறுப்பு என்பது.
3. பழைய மரம், செங்கல், இரும்பு யாருக்குச் சொந்தம் என்பது.
4. இடிபாட்டை யார், எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது.
5. தரை, அண்டைச் சுவர், குழாய், கம்பி ஆகியவற்றுக்குச் சேதம் நேர்ந்தால் யார் சரிசெய்வது என்பது.
6. தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டால் சிகிச்சைக்கும் நஷ்டஈட்டுக்கும் யார் பொறுப்பு என்பது.
7. தொடங்கும் நாள், முடியும் நாள்.
8. பணம் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பது.

எட்டாவது மிக முக்கியம். முட்டுக் கொடுத்த பின் ஒரு பங்கு, சுவர் எடுத்து உத்திரம் வைத்த பின் ஒரு பங்கு, இடிபாடு அகற்றி இடம் சுத்தமான பின் கடைசிப் பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். செய்த வேலையின் மதிப்புக்கு மேல் எக்காரணத்தைக் கொண்டும் முன்பணம் தரலாகாது. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெற வேண்டும்.

ஆறாவதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை. வேலைக்கு வரும் ஆட்களும் நம்மைப்போல் கையை நம்பிப் பிழைப்பவர்களே. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994இல் அமைக்கப்பட்டது. வருகிறவர்கள் அதில் பதிவு பெற்றவர்களா என்று கேட்டு, பெறாதவர்களைப் பதியுமாறு தூண்டுவது நமக்கும் அவர்களுக்கும் நன்மை.

இடிபாடு எங்கே போகும்?

நமது உதாரணச் சுவர் முழுவதையும் எடுத்தால் 75 கன அடி. எடை நாலு டன்னுக்குச் சற்றுக் குறைவு. இடித்துக் குவித்தால் இடைவெளிகள் சேர்ந்து கன அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அதாவது 110 கன அடி, ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். இதைக் கணக்கிடாமல் வண்டி பேசினால் கடைசியில் தகராறுதான்.

இதைத் தெருவோரத்திலோ, சாக்கடையிலோ, ஏரி வாய்க்காலிலோ கொட்டுவது நாளை நம் வயலுக்கே தண்ணீர் வராமற் செய்யும் காரியம். கட்டட இடிபாடுகள் பற்றி இந்திய அரசு 2016இல் தனி விதிகளை வெளியிட்டது. 2025இல் புதிய விதிகளை அறிவித்தது. மரம், இரும்பு, செங்கல், மண் என்று இடிக்கும்போதே பிரித்து வைத்தால் பெரும்பகுதி விலை போகும். அல்லது தரை நிரப்ப உதவும். கல்நார்த் துண்டுகளை இவற்றோடு கலக்காமல் நனைத்து, கனமான பிளாஸ்டிக் உறையில் கட்டி, உள்ளாட்சி அலுவலகம் காட்டும் இடத்திலேயே சேர்க்க வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. சுவருக்கும் அது பொருந்தும். அளந்து பார்க்க ஒரு நாள், பொறியாளரைக் கேட்க ஒரு நாள், ஒப்பந்தம் எழுத ஒரு மாலைப்பொழுது. இவ்வளவே நாம் வேண்டுவது. இந்த மூன்றையும் செய்த பின் அந்தச் சுவரை இடிக்காமலே காரியத்தை முடிக்க வழியிருக்கிறது என்று தெரியவந்தால், அதுவே எல்லாவற்றிலும் பெரிய லாபம். இடிப்பதே தக்கதென்று தெரிந்தால், முட்டுக் கொடுத்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கல்லாக எடுக்கட்டும்.